லீகல் ஸ்டடீஸ் படிச்சா வக்கீல் ஆகிடலாமா? பெர்க்லிக்கு அப்ளை பண்ணும் முன் இதைப் படிங்க!

'லீகல் ஸ்டடீஸ் படிக்கப் போறேன்'னு வீட்ல சொல்லிப் பாருங்க. 'நம்ம குடும்பத்துல ஒரு வக்கீல்!'னு சித்தப்பா அன்னிக்கே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டுடுவார். சிக்கலே அங்கதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்தப் பெயரில் இருக்கும் பட்டப்படிப்பை முடித்தாலும் நீங்கள் வக்கீல் ஆக முடியாது. அங்கேயும் முடியாது, இங்கேயும் முடியாது.

அப்போ எதுக்கு இந்தப் படிப்பு? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தை வைத்தே பார்ப்போம். 30,000-க்கும் மேற்பட்ட இளங்கலை மாணவர்கள் படிக்கும் பெரிய அரசுப் பல்கலைக்கழகம் அது.

கோல்ஃப் மட்டையும் 25 வருஷ சிறையும்

பெர்க்லியில் லீகல் ஸ்டடீஸ் 4 வருட பி.ஏ. படிப்பு. அங்குள்ள சட்டக் கல்லூரிப் பேராசிரியர்கள் பலரும் இதில் பாடம் எடுக்கிறார்கள். ஆனால், மனு எழுதுவதையும் கோர்ட்டில் வாதாடுவதையும் இங்கே சொல்லித் தருவதில்லை. சமூகவியல், வரலாறு, தத்துவம், பொருளாதாரம் வழியாகச் சட்டத்தைப் பார்க்கக் கத்துக்கொடுப்பாங்க.

ஒரு உதாரணம். கலிஃபோர்னியாவில் 1994-ல் 'த்ரீ ஸ்ட்ரைக்ஸ்' சட்டம் வந்தது. ஏற்கெனவே இரண்டு முறை கடுமையான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் மூன்றாவதாக ஒரு பெருங்குற்றத்தில் சிக்கினால், 25 வருடம் முதல் ஆயுள் வரை சிறை. கேரி ஈவிங் என்பவர் மூன்றாவதாகத் திருடியது 3 கோல்ஃப் மட்டைகள். ஒவ்வொன்றும் 399 டாலர். அதற்கும் அதே தண்டனைதான்! 2003-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை உறுதி செய்தது.

சட்டக் கல்லூரி மாணவர் இங்கே கேட்கும் கேள்வி, 'இந்தத் தண்டனை அரசியலமைப்பின்படி செல்லுமா?' லீகல் ஸ்டடீஸ் மாணவர் கேட்பது வேற. 'மக்கள் ஏன் இப்படி ஒரு சட்டத்துக்கு ஓட்டுப் போட்டாங்க? யார் அதிகம் உள்ளே போனாங்க? 2012-ல் அதே மாநில மக்கள் ஏன் ஓட்டுப் போட்டு அதைத் தளர்த்தினாங்க?'

'கோர்ட்டுக்கு அலையறதே தண்டனை!'

நம்ம ஊர்ல சகஜமா சொல்ற இந்த வார்த்தையை ஆராய்ச்சியாகவே செய்தவர் மால்கம் ஃபீலி. பெர்க்லியில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவர். நியூ ஹேவன் நகரின் கீழ் நீதிமன்றத்தில் உட்கார்ந்து, சின்னச் சின்ன வழக்குகள் எப்படி நடக்கின்றன என்று கவனித்தார். 1979-ல் புத்தகமாக எழுதினார். லீவு போட்டால் போகும் சம்பளம், வக்கீல் ஃபீஸ், ஜாமீன் செலவு, வாய்தாவுக்கு வாய்தா அலைச்சல். கடைசியில் கிடைக்கும் அபராதத்தைவிட இதெல்லாம் பெரிய சுமை. அதனால்தான் பலரும், 'தப்பு என்னுதுதான்'னு ஒப்புக்கொண்டு வழக்கை முடிக்கவே பார்க்கிறார்கள் என்றார்.

புத்தகத்தில் இருக்கும் சட்டத்துக்கும், ஜனங்க அனுபவிக்கும் சட்டத்துக்கும் இருக்கும் இந்த இடைவெளிதான் லீகல் ஸ்டடீஸின் மையம்.

கூட்டத்துல தொலைஞ்சு போகாதீங்க

பெரிய அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பெரிய பேராசிரியர்கள் இருப்பார்கள். பெரிய கூட்டமும் இருக்கும். நூற்றுக்கணக்கானோர் உட்காரும் ஹாலில் உங்க பேர் யாருக்கும் தெரியாது. வாராவாரம் சின்னக் குழுவாக நடக்கும் கலந்துரையாடல் வகுப்பை முதுநிலை ஆய்வு மாணவர்கள்தான் நடத்துவார்கள். பிடித்த பாடத்தில் இடம் நிரம்பிவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட்தான்.

இதற்கு வழி, 'ஆபீஸ் ஹவர்ஸ்'. பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரம் அது. 'எதுக்கு சாரைத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?'னு நம்ம பிள்ளைகள் தயங்குவாங்க. தயங்காம போங்க. மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால், உங்களைத் தெரிந்த ஒரு பேராசிரியராவது இருக்கணும்ல?

வீட்ல உட்கார்ந்து பேச வேண்டிய கணக்கு

அமெரிக்காவில் வக்கீல் ஆக, ஏதாவது ஒரு பட்டம் முடித்து, அதன்பின் 3 வருட ஜே.டி. படிக்கணும். பிறகு ஏதாவது ஒரு மாநிலத்தின் பார் தேர்வு. மொத்தம் 7 வருடப் படிப்பு. அந்தப் பட்டம் லீகல் ஸ்டடீஸாகத்தான் இருக்கணும்னு கட்டாயம் எதுவும் இல்லை. கமலா ஹாரிஸ் இளங்கலையில் படித்தது அரசியல் அறிவியலும் பொருளாதாரமும். அதன் பிறகுதான் சட்டக் கல்லூரிக்குப் போனார்.

இந்தியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய, பார் கவுன்சில் அங்கீகரித்த சட்டப் பட்டம் வேண்டும். ப்ளஸ் டூ முடித்ததும் 5 வருட ஒருங்கிணைந்த படிப்பு, அல்லது பட்டம் முடித்து 3 வருட எல்.எல்.பி. லீகல் ஸ்டடீஸ் பி.ஏ. இந்தக் கணக்கிலேயே வராது. திரும்பி வந்து எல்.எல்.பி. சேர, அமெரிக்கப் பட்டத்துக்கு இணைச் சான்றிதழும் வாங்கணும்.

அடுத்து, பணம். வெளிநாட்டு மாணவருக்குப் பெர்க்லியில் ஃபீஸ், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 80,000 டாலரைத் தாண்டும். ஏறக்குறைய 70 லட்சம் ரூபாய். 4 வருடத்துக்கு நீங்களே பெருக்கிக்கோங்க! படிப்பு முடிந்ததும் அங்கே வேலை பார்க்க மாணவர் விசாவில் கிடைக்கும் அனுமதி 1 வருடம்தான். அறிவியல், இன்ஜினீயரிங் மாணவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 2 வருடம் இந்தப் படிப்புக்குக் கிடையாது. கல்விக் கடனில் கையெழுத்துப் போடும் முன் அப்பா, அம்மாவுக்கும் இது தெரிஞ்சிருக்கணும்.

அப்போ யாருக்கு இது?

ஆராய்ச்சி, பொதுக்கொள்கை, இதழியல், மனித உரிமைத் துறைகளில் ஆர்வம் இருந்தால் அருமையான படிப்பு. கோர்ட்டில் நிற்பதுதான் கனவு என்றால், ப்ளஸ் டூ முடித்ததும் இங்கேயே 5 வருட சட்டப்படிப்பு நேர் வழி.

முடிவெடுக்க முடியலையா? உச்ச நீதிமன்ற இணையதளத்தில் தீர்ப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஒன்றை எடுத்து 20 பக்கம் படிங்க. 'நானா இருந்தா வேற மாதிரி வாதாடியிருப்பேன்'னு தோணுச்சா? சட்டக் கல்லூரிக்கு அப்ளிகேஷன் போடுங்க. 'இந்தச் சின்னப் பிரச்னை ஏன் இவ்வளவு வருஷம் இழுத்து டெல்லி வரைக்கும் வந்துச்சு?'னு தோணுச்சா? லீகல் ஸ்டடீஸ் உங்களுக்கானதுதான்!