நாடாவாகும் புழு

கொல்லை மாமரத்தில் முசுறு எறும்பு இலைப்பந்து கட்டியிருக்கிறது, கைபேசியில் படம் எடுத்தால் சிவப்புக் கோடாகத்தான் விழுகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கூடவே, மருந்தடித்துவிடலாமா என்றும் கேட்கிறார்.

முதலில் படம். கைபேசியில் மாட்டும் சின்ன மேக்ரோ லென்ஸ் போதும். எறும்பைத் துரத்தாதீர்கள். அவை போய்வரும் கிளையில் ஓரிடத்தைக் குறிவைத்து, காலை வெயிலில் காத்திருங்கள். நிழல் பக்கம் வெள்ளைத்தாள் ஒன்றைப் பிடித்தால் கண்ணும் தாடையும் துலங்கும். மூச்சு மட்டும் மேலே படக்கூடாது. பட்டால் தாடையை விரித்துக்கொண்டு எதிர்த்து நிற்கும்.

அப்படிக் காத்திருந்துதான் அவை கூடு கட்டுவதை நானும் பார்த்தேன். வரிசையாக நின்ற எறும்புகள் இரண்டு இலைகளின் விளிம்பை இழுத்துப் பிடித்திருந்தன. உட்புறம் நின்ற ஒன்றின் வாயில் வெள்ளையாக ஏதோ இருந்தது. இரை என்று நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கினால், அது அவற்றின் சொந்தப் புழு! அதன் வாயை ஓர் இலையில் தொட்டு, அடுத்த இலைக்குக் கொண்டுபோய்த் தொட்டு, மறுபடி இங்கே. போன வழியெல்லாம் பட்டிழை.

எங்கள் வீட்டுத் தறியில் அம்மா தார் சுற்றிக் கொடுக்க, அப்பா நாடா ஓட்டுவார். இங்கே தாரும் நாடாவும் அந்தப் புழு ஒன்றேதான். வளர்ந்த முசுறுக்கு இழை சுரக்காது, புழுவுக்குத்தான் சுரக்கும். கட்டெறும்பின் புழு அந்த இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு உள்ளே உறங்கும். முசுறுப் புழுவோ அத்தனையையும் பொது வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, போர்வையில்லாமல் கூட்டுப்புழுவாகிறது.

இனி மருந்து. முசுறு கடிக்கும், எரியும். இனிப்புக்காகச் செதில் பூச்சிகளை வளர்க்கவும் செய்யும். ஆனாலும் இலையையும் காயையும் தின்னும் பூச்சிகளை அது வேட்டையாடுகிறது. அதற்காகவே தென்சீனத்து ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் பல நூற்றாண்டுகளாக இந்தக் கூடுகளை மரத்தில் கட்டி, மரத்துக்கு மரம் மூங்கில் பாலமும் போட்டார்கள். சங்கப் பாடல்களில் முயிறு என்று பெயர் பெற்ற உயிர் இது. கடிக்கிறது என்பதற்காக மருந்தடிப்பது நியாயமில்லை. காய் பறிக்கும் கிளையில் கூடு இருந்தால் அந்தக் கிளையை விட்டு மற்றதைப் பறியுங்கள்.

நெய்வதைப் பார்க்கக் கூட்டைப் பிய்க்கவும் வேண்டாம். பலத்த காற்றில் தானே கிழிந்த கூடு ஏதாவது கண்ணில் பட்டால் அங்கே போய் நில்லுங்கள். தறி ஓடிக்கொண்டிருக்கும்.