ஒப்பந்தக்காரர் பில்லில் ஒரு விழுக்காடு

ஒரு நிறுவனத்தின் கட்டடத்துக்கு வெள்ளையடித்த மேஸ்திரி 80,000 ரூபாய்க்குப் பில் கொடுக்கிறார். கைக்கு வருவது 79,200. மீதி எண்ணூறு எங்கே என்று கேட்டால், கணக்கர் "டி.டி.எஸ்." என்று சொல்லி அனுப்பிவிடுவார். அச்சொல்லை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சம்பளக்காரரிடம் வரி பிடிப்பது பழைய வழக்கம். ஒப்பந்தக்காரரிடமும் பிடிக்க வேண்டும் என்பது 1972இல் வந்தது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 194சி என்னும் பிரிவு அப்போது சேர்க்கப்பட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென இயற்றப்பெற்ற 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 393ஆம் பிரிவில் அடங்குகிறது. ஊர் ஊராய்ச் சென்று வேலை எடுப்பவரைத் தேடிப் பிடிப்பது வரித்துறைக்குக் கடினம். பணம் கொடுக்கும் நிறுவனமோ இருந்த இடத்திலேயே இருக்கும். கணக்குப் புத்தகமும் வைத்திருக்கும்.

ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, ஆண்டு முழுவதும் ஒருவருக்குக் கொடுத்தது ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ பிடித்தம் உண்டு. தனி ஆளுக்கு 1 விழுக்காடு. கூட்டு வணிகத்துக்கும் கம்பெனிக்கும் 2. பான் எண் தராதவருக்கு 20! சொந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கும் ஆசிரியப் பெருமக்கள் அஞ்ச வேண்டாம். ஒருவருக்கே ஓராண்டில் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தாலன்றி அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இனி நுட்பமான இடத்துக்கு வருவோம். அந்த எண்பதாயிரத்தில் பெயிண்ட் விலை, ஆட்களின் கூலி, சாரத்து வாடகை எல்லாம் அடங்கியுள்ளன. மேஸ்திரிக்கு மிஞ்சுவது பத்தாயிரம் என்று கொள்வோம். வரி பிடிப்பது மிச்சத்திலா, முழுத் தொகையிலா? சிமெண்டு மூட்டை ஏற்றும் ஒப்பந்தம் பற்றிய ஏ.சி.சி. கம்பெனி வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் விடை கூறியது: கொடுக்கும் தொகை முழுவதிலும் பிடிக்க வேண்டும். ஆகவே பில்லில் ஒரு விழுக்காடாகத் தெரியும் எண்ணூறு, அவருடைய மிச்சத்தில் எட்டு விழுக்காடு.

இது முடிந்த வரியன்று, முன்பணமே. ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் எண்ணூறும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அவர் வருமானக் கணக்கு தாக்கல் செய்தால்தான் கிடைக்கும். "எண்ணூறுக்காக யார் அலைவது?" என்று விட்டுவிடும் சிறு ஒப்பந்தக்காரருக்கு அது கரைந்த பணம். பெரிய ஒப்பந்தக்காரருக்கோ ஆடிட்டர் இருக்கிறார். இந்த முறையின் பலவீனம் இங்கேதான் என்பது என் கருத்து.

வேறோர் ஆபத்தும் உண்டு. பிடித்த தொகையைப் பொதுவாக அடுத்த மாதம் 7ஆம் நாளுக்குள் அரசுக்குக் கட்டி, மூன்று மாதத்துக்கொரு முறை யார் யாரிடம் எவ்வளவு பிடித்தோம் என்று அறிக்கை தர வேண்டும். கட்டாமல் வைத்திருந்தால் மாதத்துக்கு ஒன்றரை விழுக்காடு வட்டி. அறிக்கையில் பான் எண்ணின் ஓர் எழுத்து பிசகினாலும் பணம் மேஸ்திரியின் கணக்கில் ஏறாது. பிடித்த வரியை அவரிடம் மீண்டும் கேட்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 205ஆம் பிரிவு சொல்லியது. எனினும் கணினி தன்னிடம் உள்ள பதிவைத்தான் பார்க்கும். திருத்தி அனுப்ப வேண்டியது நிறுவனமே. எனவே மேஸ்திரி பில் பணத்தோடு பிடித்தச் சான்றிதழையும் கேட்டு வாங்கி, வரித்துறை இணையதளத்தில் தம் பெயரில் எண்ணூறு ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதை அவருக்குப் பார்த்துச் சொல்ல நம் வணிகவியல் மாணவர் ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும்.