பானட்டுக்கு அடியிலும் ஒரு பார்வை

காரின் வெளிப்பூச்சை வாரந்தோறும் துடைத்துப் பளபளக்கச் செய்யும் நாம், பானட்டைத் திறந்து பார்ப்பது பெரும்பாலும் வண்டி வழியில் நின்ற பிறகுதான். அதற்குள் தூசியும் எண்ணெயும் கலந்து கெட்டியான பிசுக்காகப் படிந்திருக்கும். இது அழகுக் குறைவு மட்டுமன்று. எண்ணெய் எங்கிருந்து கசிகிறது என்பதைப் பிசுக்கு மறைத்துவிடும். எண்ணெயில் ஊறும் ரப்பர் குழாய்கள் நாளடைவில் இளகிப் பழுதாகும். சூடேறும் புகைக்குழாயின் அருகே தங்கும் சருகுகள் தீப்பற்றவும் கூடும்.

அதற்காக, உயர் அழுத்தக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சுவதும் தவறு. இன்றைய எஞ்சினைச் சுற்றிலும் சென்சார்களும் மின் இணைப்புகளும் நிறைந்துள்ளன. அவற்றுள் நீர் புகுந்தால், அன்று நன்றாக ஓடும் வண்டி சில நாள்கள் கழித்துத் தொல்லை தரலாம்.

தொடங்கும் முன்

எஞ்சின் நன்கு ஆறியிருக்க வேண்டும். சூடான உலோகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழக்கூடும். தெளித்த திரவமும் உடனே உலர்ந்து கறையாகும். பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுவோம். வேலை முடிந்தபின் அதையே கடைசியில் இணைப்போம். காரின் உடற்பகுதி எதிர்முனையோடு இணைந்திருப்பதால், நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் உடற்பகுதியைத் தொட்டால் தீப்பொறி பறக்கும். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, இக்னிஷன் காயில், காற்று உள்ளிழுக்கும் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையால் மூடுவோம். கையுறையும் கண்ணாடியும் அணிவது நலம்.

தூய்மை செய்யும் முறை

உலர்ந்த தூசியையும் சருகுகளையும் முதலில் தூரிகையால் அகற்றுவோம். பின்னர், நீரில் கரையும் டிகிரீசரைப் பிசுக்கின்மேல் தெளித்து, அதன் உறையில் குறிப்பிட்ட நேரம் மட்டும் ஊறவிடுவோம், உலர விடலாகாது. இடுக்குகளைத் தூரிகையால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் பெரும்பாலும் போதும். கழுவியே ஆகவேண்டுமெனில், கைத்தெளிப்பானால் சிறிதளவு நீர் தெளிக்கலாம்.

பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகியவற்றால் துடைக்கும் பழக்கத்தை அறவே விடுவோம். அவற்றின் ஆவி தீப்பற்றக்கூடியது. ஒரு சிறு பொறி போதும். பிசுக்குக் கலந்த நீரை மழைநீர் வடிகாலிலோ மண்ணிலோ விடாமல், பழைய துணியில் உறிஞ்சி எடுப்போம்.

பானட்டைத் திறந்தே வைத்து, ஈரம் முழுதும் உலர்ந்தபின் உறைகளை நீக்குவோம். பேட்டரியை இணைத்து, திறந்த வெளியில் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கவனிப்போம். தூய்மையான பரப்பில் புதிய கசிவு தெரிந்தால் மெக்கானிக்கிடம் காட்டுவோம்.

ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் பாய்பவை. அவற்றை நாம் தொடாது, அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்திடமே விடுவோம்.

காப்பீட்டை நம்பலாமா?

வழக்கமான கார் காப்பீட்டுப் பாலிசி, இயந்திரக் கோளாறையும் மின் கோளாறையும் ஏற்பதில்லை. கழுவும்போது நீர் புகுந்து பழுதானால், செலவு நம் கையிலிருந்தே போக நேரிடலாம். கடனில் வாங்கிய காராயின், அது பணிமனையில் கிடக்கும் மாதத்திலும் தவணை வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு நம் பாலிசியில் உள்ளதா, அது எவற்றை ஏற்கும் என்பதைப் புதுப்பிக்கும்போதே படித்தறிவோம். அதற்கும் முன்னதாக, தண்ணீர்க் குழாயை ஒதுக்கிவைத்து ஈரத்துணியைக் கையில் எடுப்பதே சிக்கனம்.