ஆட்டிற்கு அரிசி விருந்தா?

சென்னிமலைக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிற்குக் கடன் பெற்ற உறுப்பினர்களைக் கண்டுவர அண்மையில் சென்றிருந்தோம். அங்கே கைத்தறி நெசவாளர் ஒருவர், தறிக்கூலியோடு துணை வருவாய்க்கென ஐந்து பெட்டையாடுகளும் ஒரு கிடாயும் வாங்கியிருந்தார். நாம் சென்ற அன்று கொட்டகையில் நின்றவை நான்கே. சினையாயிருந்த இரண்டு பெட்டைகள் முந்தைய வாரம் வயிறு உப்பி இறந்துவிட்டன.

சினையாடுகளுக்குத் தெம்பு வேண்டுமென்று, நியாயவிலைக் கடை அரிசியைப் பொங்கிப் பெரிய சட்டி நிறைய வைத்தாராம். (அவ்வரிசி ஆட்டிற்குப் போகலாமா என்பது வேறு வழக்கு, அன்று நாம் அதனை எடுக்கவில்லை.) வலுத்த இரண்டும் முட்டித் தள்ளி முழுவதையும் தின்றன. சட்டியை நெருங்க இயலாத இளைத்த சினைப்பெட்டை பிழைத்தது. "அரிசிதானுங்களே போட்டேன், வெசமா வெச்சேன்?" என்று அவர் கேட்டார். ஆடு போனாலும் தவணை போகாது என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம்.

அரிசியே நஞ்சாயிற்று என்பதுதான் உண்மை. அசைபோடும் பிராணியின் முதல் வயிறு புளிக்கவைக்கும் தொட்டி போன்றது. அதில் வாழும் நுண்ணுயிர்களே தழையின் நாரைச் சிதைத்து ஆட்டிற்கு உணவாக்குகின்றன. நாரில் பழகிய வயிற்றிற்குள் மாவுப்பண்டம் திடீரென மிகுந்து சென்றால் அமிலம் பெருகும், நுண்ணுயிர்கள் மடியும், அசை நிற்கும், ஓரிரு நாளில் உயிர் போகும். சோறு மட்டுமன்று, கம்பும் மக்காச்சோளமும் விருந்து வீட்டு மிச்சமும் இதனையே செய்யும். அசைபோடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஆடு சோர்ந்து நின்றால் விடியட்டும் என்றிராமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

அவ்வாறாயின் ஆட்டிற்கு என்னதான் போடுவது? இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஆட்டிற்கு நாளொன்றுக்கு மூன்று முதல் நான்கு கிலோ பசுந்தழை, அரைக் கிலோ கடலைக்கொடி, 200 கிராம் அடர்தீவனம் ஆகியவை போதும். அகத்தி, கிளுவை, வேம்பு எனத் தழை மாறிமாறி வருதல் நன்று. சூபாபுல் தழையை மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் போடலாகாது. பூவாத இளஞ்சோளத்தையும் வறட்சியில் வாடிய மறுதாம்புச் சோளத்தையும் காட்டவே கூடாது. அதிலுள்ள நஞ்சு நிமிடங்களில் கொல்லும். தழையைத் தரையில் இறைத்தால் மிதித்து ஒதுக்கிவிடும். கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் அண்ணாந்து கடித்துத் தண்டு மட்டும் மிஞ்சத் தின்னும்.

பத்துக் கிலோ அடர்தீவனத்திற்கு மக்காச்சோளக் குருணை 4 கிலோ, தவிடு 3.2 கிலோ, கடலைப்புண்ணாக்கு 2.5 கிலோ, தாது உப்புக்கலவை 200 கிராம், சமையலுப்பு 100 கிராம் கலந்துகொள்ளலாம். புதுத் தீனி எதுவாயினும் முதல்நாள் ஒரு பிடியே. முழு அளவை எட்ட இரண்டு வாரமேனும் செல்லவேண்டும். அவசரப்படுவோரே ஆட்டை இழக்கின்றனர். ஐந்து மாதச் சினையில் கடைசி ஒன்றரை மாதத்தில்தான் குட்டி பெரிதும் வளர்கிறது. அப்போது அடர்தீவனத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி, மேலும் 100 கிராம் சேர்த்து, காலை மாலை எனப் பிரித்து வைக்கலாம். வலுத்தது வேறு, இளைத்தது வேறாகக் கட்டித் தீனியிட வேண்டும்.

நான்கு ஆட்டிற்கு நாளொன்றுக்குப் பதினான்கு கிலோ தழை வேண்டும். நெசவாளர் வீட்டிலோ இரண்டு அகத்தி மரங்களே உள்ளன. அடுத்த தெருவில் வசிக்கும் விவசாய உறுப்பினருக்குக் கொறங்காடு உண்டு. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், கோடைக்கு வெள்வேல நெற்று. அவரையும் அழைத்துப் பேசினோம். தழைக்கு ஈடாக ஆட்டெரு என்று இருவரும் இசைந்தனர். வண்டிக்கூலி யாருடையது என்பதில்தான் சற்று நேரம் கழிந்தது.

எஞ்சிய சினைப்பெட்டை ஈன இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கூடுதல் தீவனம் தொடங்கவேண்டிய நாளை அவர் வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டு வந்தோம்.