குளிரில் பிறக்கும் சூரியர்கள்

மார்கழி மாதத்து இரவில் திருவாதிரை நக்ஷத்திரத்தைக் காணாதவர் நம்மவருள் சிலரே. அதற்குத் தெற்கே ஒரே வரிசையில் மூன்று நக்ஷத்திரங்கள் நிற்கும். அவற்றிற்கும் சற்றுத் தெற்கே கூர்ந்து நோக்கினால் பஞ்சுத் துணுக்குப் போன்ற மங்கலான ஒளித் திட்டொன்று புலப்படும். மேல்நாட்டார் ஓரியன் நெபுலா என்று அழைக்கும் அது, சுமார் 1,350 ஒளி வருஷத் தொலைவில் உள்ள நக்ஷத்திரப் பிரசவ அறை.

ஆனால் நாம் காணும் ஒளி, முன்பே பிறந்துவிட்ட குழந்தைகள் ஏற்றிய விளக்கேயாகும். இளம் நக்ஷத்திரங்களின் கிரணங்களால் அங்குள்ள வாயு சுமார் 10,000 டிகிரி வரை காய்ந்திருக்கிறது. கரு உருவாகும் இடமோ அதற்குப் பின்னால் இருளில் மறைந்து கிடக்கும் மேகம். இத்தகைய மேகங்களின் அடர்ந்த உட்பகுதியில் உஷ்ணநிலை பூஜ்யத்திற்கும் கீழே ஏறக்குறைய 260 டிகிரி! அக்கினிக் கோளமாகிய சூரியன் இக்கடுங்குளிரிலா பிறப்பது என்று ஐயுற வேண்டாம். குளிர் இல்லையேல் பிறப்பே இல்லை.

வாயு சூடேறினால் விரிந்தோடப் பார்க்கும். அதன் சொந்த ஆகர்ஷணமோ அதை உள்ளே இழுக்கும். இவ்விரண்டில் எது வெல்லும் என்பதை ஆங்கில விஞ்ஞானி ஜேம்ஸ் ஜீன்ஸ் 1902-ல் கணக்கிட்டுக் காட்டினார். குளிர் மிகுந்தால் சிறிய உருண்டையும் தன் பாரத்தாலேயே இடிந்து விழும். 'அடர்ந்த' என்று நாம் சொல்வதிலும் ஒரு வேடிக்கை உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் உள்ள மூலக்கூறுகளை எழுத, 25 என்ற எண்ணுக்குப் பின் 18 பூஜ்யங்கள் இட வேண்டும். மேகத்தின் உட்பகுதியில் அதே இடத்தில் இருப்பவை சில பதினாயிரங்களே!

இக்குளிர் எவ்வாறு நிலைக்கிறது? மேகத்தில் நூற்றில் ஒரு பங்கு நுண்ணிய தூசி. அது வெளி நக்ஷத்திரங்களின் ஒளியை உள்ளே புகவொட்டாமல் தடுக்கிறது. உள்ளிருக்கும் சிறிது உஷ்ணத்தையும் கார்பன் மானாக்ஸைடு என்னும் வாயு ரேடியோ அலைகளாக மாற்றி வெளியே அனுப்பிவிடுகிறது. மூடிய அறையில் கரியடுப்புப் புகைந்தால் உயிரைக் குடிக்கும் அதே விஷவாயுதான்! 1970-ல் வில்ஸன், ஜெஃபர்ட்ஸ், பென்ஸியாஸ் ஆகிய மூவர் ஓரியன் நெபுலாவிலிருந்து வரும் அதன் 2.6 மில்லிமீட்டர் அலையைக் கண்டுபிடித்தனர். ஒளி ஊடுருவாத மேகங்களின் உட்புறத்தை ஆராய அன்றே வழி திறந்தது.

ஆகர்ஷணம் ஒன்றுக்கே விட்டுவிட்டால், அடர்ந்த உருண்டை சில லக்ஷம் வருஷங்களில் சுருங்கிவிட வேண்டும். ஆயினும் நமது ஆகாச கங்கை முழுவதிலும் வருஷமொன்றுக்கு நக்ஷத்திரமாவது ஓரிரு சூரியனுக்கான பொருளே. இந்தத் தாமதம் இல்லாதிருந்தால் வாயுவெல்லாம் என்றோ தீர்ந்திருக்கும். 460 கோடி வருஷங்களுக்கு முன் நம் சூரியன் உருவாகப் பொருள் எஞ்சியிராது. மேகத்தினுள் ஓயாத கொந்தளிப்பு, அதை ஊடுருவும் காந்த சக்தி, பிறந்த நக்ஷத்திரங்கள் வீசும் வாயுப் புயல் ஆகிய மூன்றும் ஆகர்ஷணத்தைத் தடுத்து நிற்கின்றன. இவற்றுள் எதன் பங்கு பெரிது என்பதில் மட்டும் வான சாஸ்திரிகளின் வழக்கு இன்னும் தீரவில்லை.