காய்ச்சல் விட்டது, வலி விடவில்லை

தங்கவயல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர் என் சித்தப்பா. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கத்தை மூடியபோதும் அவர் கண் கலங்கவில்லை. 2006இல் அழுதார். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கவில்லை. சட்டைப் பொத்தானைச் சித்திதான் போட்டுவிட வேண்டியிருந்தது.

வந்தது சிக்குன்குனியா. 1952-53இல் தான்சானியாப் பகுதியில் கண்டறியப்பட்ட நோய் இது. வலியால் உடல் வளைந்துபோவதைக் குறிக்கும் மக்கொண்டே மொழிச் சொல்லே பெயராயிற்று. 1964இல் சென்னையையும் வேலூரையும் படுத்திவிட்டுப் போனது, 2005-06இல் திரும்பி வந்தது. 2006இல் நாடு முழுவதும் இந்நோய் கண்டதாகக் கருதப்பட்ட ஏறத்தாழ 14 லட்சம் பேரில் பாதிக்கு மேற்பட்டோர் கர்நாடகத்தில்தான். நம் லைன் வீடுகளில் தண்ணீர் வராத நாள்களுக்கென்று வாசலில் டிரம் வைத்திருப்போமே, அந்த நல்ல தண்ணீரில்தான் ஏடிஸ் கொசு முட்டையிடும். பகலில் கடிக்கும்.

காய்ச்சல் ஒரு வாரத்தில் போயிற்று. மூட்டுவலி போகவில்லை. சிலருக்கு மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட நிற்கும். சித்தப்பாவோ "உடம்பை முறிச்சி வேலை செஞ்சா வலி தானா ஓடிடும்" என்று குடம் தூக்கப் போய், மணிக்கட்டு வீங்கி, பத்து நாள் படுத்தார். பிறகு அசையவே பயந்தார். இரண்டும் தவறு என்று பிசியோதெரபி செய்யும் பெண்மணி ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருக்கும் நாளில் ஓய்வு. வலிக்காத அளவுக்கு மெல்ல அசைத்தால் போதும். வீக்கம் வடிந்தபின், வெதுவெதுப்பான நீரில் கையைச் சிறிது நேரம் வைத்துவிட்டு, விரல்களை மூடி விரிப்பது, மணிக்கட்டைச் சுழற்றுவது. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலின்கீழ் சுருட்டிய துண்டை வைத்து, ஐந்து எண்ணும்வரை அழுத்தி விடுவது. எல்லாம் பத்துப் பத்து முறை, நாளுக்கு இருவேளை. செய்து முடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வலி கூடுதலாகவே இருந்தால், மறுநாள் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். மூன்று மாதத்தில் சித்தப்பா தாமே பொத்தான் போட்டார். பிரேசிலில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்விலும், நாள்பட்ட சிக்குன்குனியா வலிக்காரர்கள் 12 வாரம் முறையாகப் பயிற்சி செய்ததில் வலி குறைந்திருக்கிறது.

இந்த வெற்றியே பின்னால் வம்பாயிற்று. தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்த அவர் மகளுக்கு 2021இல் கொரோனா. குணமாகி மூன்று மாதமாகியும் அயர்ச்சி தீரவில்லை. "எழுந்து நடம்மா, படுத்தா உடம்பு துருப்பிடிச்சிடும்" என்று சித்தப்பா ராபர்ட்சன்பேட்டை வரை நடக்கவைத்தார். அன்று நன்றாகத்தான் இருந்தாள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தலை தூக்க முடியவில்லை. "நைனா, நான் சோம்பேறி இல்ல" என்று அவள் அழுததை இன்றும் சொல்லிச் சொல்லி வருந்துகிறார்.

வேலை செய்த மறுநாளோ அதற்கும் பின்னரோ உடல் இப்படிச் சரிந்தால், பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுவது கேடு செய்யும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் தந்த வழிகாட்டுதலும் இத்தகையவர்கள் சக்தியை அளந்து செலவிட வேண்டும் என்கிறது. களைப்பு வருமுன்பே நிறுத்துவது, உட்கார்ந்து சமைப்பது, துவைப்பதையும் கடைக்குப் போவதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதது. உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சுவிடப் பழகுவது மூச்சிரைப்புக்கு உதவும்.

நம் ஊர் முதியவர்களுக்கு ஒரு வார்த்தை. மூச்சு வாங்கினால் எல்லாப் பழியையும் வைரஸ்மேல் போடாதீர்கள். சுரங்கத் தூசியால் வரும் சிலிகோசிஸ் நம்மில் பலருக்கு உண்டு; எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். நெஞ்சுவலி, மயக்கம், ஒரு கால் மட்டும் வீங்குவது இருந்தால் பயிற்சியை விட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

அண்மையில் ஊருக்குப் போயிருந்தேன். வாசற்படியில் மகள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பாதியில் "இன்னிக்கு இவ்ளோதான்" என்று முறத்தைத் தள்ளிவைத்தாள். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. முறத்தைத் தம் பக்கம் இழுத்து, மீதியை உரிக்கத் தொடங்கினார்.