காணாமற்போன போல்ட்

திருகு அளவியின் புரியிடைத் தூரத்தைக் காணும் சோதனையைப் பள்ளியில் செய்திருப்பீர்கள். ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தீர்கள் அல்லவா? அந்தச் சிறிய அளவு ஒருவரின் உயிரையே காக்கக்கூடும்.

நெய்யூரில் ஒரு பட்டறைக்குப் பழைய 350 சி.சி. புல்லட் ஒன்று வருவதாக வைத்துக்கொள்வோம். வேறோர் எஞ்சினை ஏற்றி, அதற்கென்றே தகடுகளை வெட்டிப் பொருத்திய வண்டி. (எஞ்சினை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது, மனம்போல் செய்யலாகாது.) எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட் ஒன்றைக் காணவில்லை. உதிரிபாகப் பட்டியலைப் புரட்டிப் பயனில்லை. தகடு பட்டறையில் செய்தது. டப்பாவைக் கவிழ்த்து, துளைக்குள் நுழைகிற ஏதாவது ஒன்றை முறுக்கிவிடலாமா?

முதலில் அந்த போல்ட்டின் வேலையைப் பாருங்கள். பழைய புல்லட்டின் சட்டத்தில் எஞ்சினுக்கு அடியில் குழாய் கிடையாது. முன்குழாய்க்கும் பின்பகுதிக்கும் இடையே பாலமாக நிற்பது எஞ்சினே. ஒற்றை உருளை எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது, பிஸ்டன் விநாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. ஒரு போல்ட் இல்லையென்றால் அதன் சுமை மற்றவற்றின் தலையில் விழும். நாளடைவில் தகடு விரிசல் விடும்.

இனி மரை. புல்லட் 1955 முதல் சென்னையில் உருவான வண்டி, வடிவமைப்போ இங்கிலாந்தினுடையது. ஆகவே பழைய வண்டிகளில் அங்குல மரைகளைக் காணலாம். 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. பிரிட்டிஷ் சைக்கிள் மரைக்கு 60 பாகை. இன்று கடைகளில் எளிதில் கிடைக்கும் மெட்ரிக் மரைக்கும் 60 பாகைதான். ஆனால் புரியிடைத் தூரம் வேறு.

5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. மெட்ரிக் எம்8 போல்ட்டோ 8 மி.மீ. சற்றுத் தேய்ந்துவிட்டால் வெர்னியர் அளவியாலும் இவற்றைப் பிரித்தறிவது கடினம். பத்துப் புரிகளின் நீளத்தை அளந்து பாருங்கள்: சைக்கிள் மரையில் 9.8 மி.மீ., எம்8இல் 12.5 மி.மீ., விட்வொர்த் மரையில் 14.1 மி.மீ. குட்டு வெளிப்பட்டுவிட்டது! பொருந்தாத மரை ஓரிரு சுற்று நுழைந்து இறுகும். 'நன்றாகப் பிடித்துவிட்டது' என்று மயங்கி ஸ்பானரை மேலும் அழுத்தினால், எஞ்சினின் மென்மையான அலுமினிய மரை சிதைந்துவிடும்.

போல்ட்டே இல்லாதபோது எதை அளப்பது? மென்மரக் குச்சி ஒன்றைத் துளைக்குள் அழுத்தித் திருகி எடுங்கள். புரிகளின் தடம் அதில் பதிந்திருக்கும்.

மரை பொருந்தினால் மட்டும் போதாது. மெட்ரிக் போல்ட்டின் தலையில் 4.6, 8.8 போன்ற எண்கள் இருக்கும். அவை வலிமையைக் குறிப்பவை. 8.8 என்றிருக்கும் எம்8 போல்ட்டைச் சுமார் 16,000 நியூட்டன் விசை வரும்வரை இறுக்கலாம். ஏறக்குறைய 1,600 கிலோகிராம் நிறையின் எடை அது! 4.6 போல்ட் அதில் பாதியைச் சற்றுத் தாண்டியதுமே நிரந்தரமாக நீண்டுவிடும்.

நீளுமா? ஆம், இறுக்குவது என்பதே போல்ட்டை இழுத்து நீட்டுவதுதான். 60 மி.மீ. நீளமுள்ள 8.8 போல்ட் அவ்விசையில் சுமார் 0.1 மி.மீ. நீளும். மீண்டும் சுருங்க முயலும் அந்த மீட்சி விசை, தகட்டையும் எஞ்சினையும் நெருக்கிப் பிடிக்கிறது. அதனால் எழும் உராய்வே அவற்றை நழுவவிடாமல் வைத்திருக்கிறது. நெருக்கம் குறைந்தால் தகடு பக்கவாட்டில் நழுவத் தொடங்கும். இத்தகைய பக்கவாட்டு அசைவுதான் போல்ட்டை விரைவில் கழற்றுகிறது என்று 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சோதனைகளால் காட்டினார்.

கொளச்சல் பக்கத்து உப்புக்காற்றில் துருவேறிய பழைய போல்ட்டும் உதவாது. ஸ்பானருக்கு நாம் தரும் திருப்புதிறனில் பெரும்பகுதி சாதாரணமாகவே உராய்வில் போய்விடும். துரு இருந்தால் இன்னும் மோசம்: கைக்கு இறுகியதாகத் தோன்றும், போல்ட் நீண்டிருக்காது.

புதிய போல்ட்டை இறுக்கியபின் அதன் தலையிலிருந்து தகடுவரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். சில நாள் ஓட்டியபின் கோடு முறிந்து தெரிந்தால், போல்ட் சுழன்றிருக்கிறது என்று பொருள்.